கப்பலுக்குப் போட்ட மொட்டை

எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது. நான்கிலும் தலை நிறைய முடியோடு படம் இருக்கிறது. அந்தப் பாஸ்போர்ட்டால்தான் அந்த முடி போனது என்று எடுத்த எடுப்பில் சொன்னால் யாருக்கும் விளங்காது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் தெருக்கோடி வரை கேட்கும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய்யில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்காரர் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை காட்டுகிறவர். கல்யாணக் கூட்டம் வந்து உட்கார்ந்தால், முந்தானையை எடுத்துத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு அப்படியும் இப்படியும் திரும்பிக் காட்டுவார். மீசை வைத்த ஆள் முகூர்த்தப் புடவையில் நிற்பதைப் பார்த்து முதலில் சிரிப்பார்கள், பிறகு அதே புடவையைத்தான் எடுப்பார்கள். அவருடைய முடி சுருள் சுருளாக, அடர்த்தியாக இருக்கும். ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு மை பூசிவிட்டு, காயும் வரை யாரோடும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் செவிலிமேட்டில் வீட்டிலேயே புடவை முந்தானைக்குக் குச்சு கட்டிக் கொடுக்கிறேன். மகளுக்கு அப்போது எட்டு வயது, மகனுக்கு நாலு.

போன வருஷம் கல்யாண சீசன் நன்றாகப் போன சந்தோஷத்தில் கடை முதலாளி வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, குடும்பத்தோடு கப்பலில் போய்விட்டு வா என்று சொல்லிவிட்டார். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கடலில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரும் சொகுசுக் கப்பல். காலாண்டு விடுமுறையில் நான்கு பேருக்கும் இடம் போட்டு, விவரத்தை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் பாலாற்றில் தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்கப் போனதுதான் அதுவரை நாங்கள் செய்த நீர்வழிப் பயணம்.

விவரம் ஆங்கிலத்தில் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் கப்பல் படம். இரண்டாம் பக்கத்தில் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று இருந்தது, அதில் பாஸ்போர்ட் என்ற சொல் என் கண்ணில் பட்டது. பட்டதும் எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. நாலு வயதுப் பிள்ளைக்கும் பாஸ்போர்ட் வேண்டுமா, அல்லது அம்மா பாஸ்போர்ட்டிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்களா என்று நானும் அவரும் விவாதம் செய்ய ஆரம்பித்தோம். மகள் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா, இதுல இன்னும் ஒண்ணு போட்டிருக்குது” என்றாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று ஒரு அதட்டல் போட்டேன். அவள் போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எங்கள் ஊரில் பாஸ்போர்ட் என்றால் எல்லாரும் கைகாட்டுவது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் ஒரு பாயைத்தான். மெக்காவுக்குப் போகிறவர்கள், துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் அவர்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பார். பொறுமைசாலி. அவர் எதிரில் போய் உட்கார்ந்து, கப்பலில் போகிறோம், நாலு பேருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் மெதுவாக, “கப்பல் எங்கக்கா போவுது?” என்று கேட்டார்.

“கப்பல் எங்க பாய் போவும்? கடலுக்குத்தான்” என்றேன்.

பாய் இன்னொரு கேள்வி கேட்க வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் எங்கள் தலை தப்பியிருக்கும். ஆனால் நான் அதற்குள் பையிலிருந்து பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து அவர் மேசையில் பரப்பிவிட்டேன். கேட்டதைச் செய்துகொடுப்பதுதான் நல்ல வியாபாரிக்கு அழகு என்று அவரும் கணினியைத் திறந்துவிட்டார்.

பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பாஸ்போர்ட்தான், கைக்குழந்தையானாலும் தனியாகத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நால்வரும் போனோம். வீட்டுக்காரர் முந்தின நாளே மை பூசிக்கொண்டு தயாராக இருந்தார். மகளுக்கு இடுப்பு வரை முடி. இரட்டைச் சடை பின்னி, மடித்துக் கட்டி, கனகாம்பரம் வைத்து அழைத்துப் போயிருந்தேன். படம் எடுத்தவர் பூவை எடுக்கச் சொன்னார், எங்கள் எல்லாரையுமே முடியை ஒதுக்கிக் காது இரண்டும் தெரியும்படி உட்காரச் சொன்னார். காதில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு பிடி பிடித்தேன். அவர் அதற்குள் படம் எடுத்துவிட்டார். அந்தக் காதுக்கு நான் பிறகு ரொம்ப நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. போலீஸ் விசாரணைக்கு வருவார்கள் என்று பாய் சொல்லியிருந்தார். நான் வாரக்கணக்கில் வாசல் பக்கமே உட்கார்ந்து குச்சு கட்டினேன். கட்டி முடித்த புடவைகளைக் கொடுத்துவிட்டு வர அரைமணி நேரம் வெளியே போன அன்றுதான் காவலர் வந்தார். எதிர்வீட்டு அக்காவிடம் எங்களைப் பற்றி விசாரித்திருக்கிறார். குடும்பம் எப்படி என்று அவர் கேட்டதற்கு, ரொம்ப நல்ல குடும்பம், அந்தம்மா மட்டும் கொஞ்சம் கத்தும் என்று அக்கா உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். என் சத்தம் அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டது, இனி எனக்குப் பாஸ்போர்ட் வரவே வராது என்று அன்று முழுக்கப் புலம்பினேன்.

நாட்கள் ஓடின. கப்பலுக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. மகள் தன் வகுப்பு முழுக்கக் கப்பலைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாள். கப்பலில் நீச்சல் குளம் உண்டு என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லையாம், தண்ணீர் மேல் எதற்குத் தண்ணீர் என்று கேட்டார்களாம். படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவதாகச் சபதம் போட்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து, பாஸ்போர்ட் வரவில்லை, போக முடியாது என்று எப்படிச் சொல்வது? அன்று காலை சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தவள், கரண்டியும் கையுமாக வடக்கே திரும்பி, திருத்தணி முருகனிடம் உரக்கவே வேண்டிக்கொண்டேன். நாலு பாஸ்போர்ட்டும் நல்லபடியாக வந்துவிட்டால் குடும்பத்தோடு வந்து மொட்டை போடுகிறோம் என்றேன்.

சாம்பார் கொதித்து இறங்குவதற்குள் தபால்காரர் மணி அடித்தார். நாலு உறை.

சாதாரணமாக முருகன் யோசிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார். இந்த முறை எனக்கு வார்த்தையை மாற்றிக்கொள்ளக்கூட அவகாசம் தரவில்லை. தபால்காரருக்குக் கையெழுத்துப் போடும்போதே, குடும்பத்தோடு என்று சொன்னேனா, குடும்பத்தில் ஒருவர் என்று சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். குடும்பத்தோடு என்றுதான் சொல்லியிருந்தேன், பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

மாலையில் வீட்டுக்காரர் வந்ததும் முதலில் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். தன் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். மை நன்றாக ஏறியிருக்கிறது என்றார். அந்த நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பாஸ்போர்ட்டை மூடிவிட்டு, இரண்டு கையாலும் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ஏம்மா, உன் வாய், உன் சாமி, சரி. என் தலைய என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டியா?” என்றார்.

கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. மாமியார் மருமகனுக்கு வேண்டிக்கொள்வாள், அக்காள் தம்பிக்கு வேண்டிக்கொள்வாள், அவரவர் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வருவார்கள். வேண்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களுக்குப் பூமுடி போதும். மூன்று இணுக்கு முடியைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டு மீதியில் பூ வைத்துக்கொண்டு வந்துவிடலாம். நானும் அந்தக் கணக்கில்தான் வேண்டியிருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

மகன் மொட்டை என்றதும் குதித்தான். மகள் எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். சடை இரண்டையும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் வேண்டிக்கொள்ளவில்லை, நான் வர மாட்டேன் என்று கண்ணாடியிடம் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் குற்ற உணர்ச்சி வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். சாமி காரியத்தில் வாயாடக் கூடாது என்று கத்திவிட்டு, அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

கப்பலுக்குப் போய் வந்தபிறகு போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்குள் எதிர்வீட்டு அக்கா மூலம் செய்தி ஓரிக்கையில் இருக்கும் என் நாத்தனாருக்குப் போய்விட்டது. வீட்டுக்காரருக்கு மூத்தவர், அவர் வார்த்தைக்கு எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது. போனில் தம்பியைக் கூப்பிட்டு, “வேண்டுதலை அப்பிடியே வச்சிக்கினு தண்ணி மேல போவாதப்பா. முதல்ல முடிய குடுத்துட்டு அப்புறம் கப்பல் ஏறு” என்று சொல்லி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தது, வீட்டுக்காரர் மை பூசிக்கொள்ளாமலே உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை காலை திருத்தணி பஸ் ஏறினோம். மகளைக் கூட்டிக்கொண்டு போக, கப்பலில் தினமும் இரண்டு ஐஸ்கிரீம் என்று நான் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மொட்டை போடும் கூடத்தில் முதலில் மகன் உட்கார்ந்தான், கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தே முடித்தான். அடுத்து வீட்டுக்காரர். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். சுருள் சுருளாக முடி மடியில் விழுந்தபோது, நாவிதர், நல்ல முடி சார் என்று ஆறுதலாகத்தான் சொன்னார். அதைக் கேட்டு அவர் முகம் இன்னும் சுருங்கிவிட்டது.

மகளுக்குச் சடையைப் பிரித்துத் தண்ணீர் தெளித்தார்கள். முடியை இரண்டாகப் பிரித்துப் பக்கத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டார்கள். அவள் பலகையில் உட்கார்ந்தவள், திரும்பி என்னைப் பார்த்து, “நீ எப்பம்மா உக்காருவ?” என்று கேட்டாள். அம்மாவுக்குப் பூமுடி, மூன்று இணுக்கு போதும் என்றேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. “வேண்டிக்கினது நீ. உனக்கு மூணு, எனக்கு மொத்தமுமா?” என்றாள்.

பக்கத்துப் பலகையில் தலையைக் கொடுத்திருந்த ஒரு பெரியவர்கூட, பாதி மொட்டையோடு திரும்பி என்னைப் பார்த்தார். பிள்ளை கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. என் முடியொன்றும் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றாலும் முப்பத்தைந்து வருஷமாகக் கூட இருந்த முடி. கொண்டையை அவிழ்த்துவிட்டு, அவளை எழுந்திருக்கச் சொல்லி அந்தப் பலகையில் முதலில் நான் உட்கார்ந்தேன். கத்தி பட்டதும் மண்டையில் சில்லென்று காற்று ஏறியது. முடித்து எழுந்து நின்றதும் மகன் என்னைப் பார்த்து அம்மா எங்கே என்று கேட்டான். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் தலையை நாவிதரிடம் குனிந்து கொடுத்தாள். அந்த இரண்டு முடிச்சும் தரையில் விழுந்தபோது மட்டும் அவள் உதடு நடுங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தனம் குழைத்த தண்ணீர் வழிகிறது என்று சமாளித்தேன்.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் இருந்த இரண்டு நாளும் வீட்டுக்காரர் கடைக்குப் போனார். மொட்டைத் தலையோடு தோளில் அரக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஒரு மணப்பெண் சிரித்துச் சிரித்துப் புடவை பார்க்க முடியாமல் எழுந்து போய்விட்டாளாம். நீ கப்பல் ஏறுகிற வரைக்கும் உள்ளே மடிக்கிற வேலையைப் பார் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

துறைமுகத்துக்குப் போகும்போது நாத்தனார் சொன்னபடி எல்லாக் காகிதத்தையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டேன். பாஸ்போர்ட், ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை எல்லாம் அதில் இருந்தன. வரிசையில் நின்றபோது எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். ஒரு அம்மா பக்கத்தில் வந்து, நீங்கள் எந்த மடத்தைச் சேர்ந்தவர்கள் என்று பணிவாகக் கேட்டார். செவிலிமேடு என்றேன். கேள்விப்பட்டதில்லை என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டார்.

பதிவு செய்யும் மேசையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். நான் நாலு பாஸ்போர்ட்டையும் விசிறி மாதிரி விரித்து, பெருமையாக அவள் முன்னால் வைத்தேன். அவள் அவற்றை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, “இதெல்லாம் வேணாம் மேடம். இந்தக் கப்பல் வெளிநாட்டுக்குப் போகல, கடல்ல சுத்திட்டு இங்கயேதான் திரும்பி வரும். பெரியவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் ஆதார் இருந்தா போதும்” என்றாள்.

வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கையை எடுத்துத் தன் தலையை ஒரு சுற்றுத் தடவிக்கொண்டார். அதற்கு அவர் என்னைத் திட்டியே இருக்கலாம். காலுக்குக் கீழே பூமி பிளக்காதா என்று பார்த்தேன், கீழே துறைமுகத்தின் கெட்டியான சிமென்ட் தரை. அப்போது மகள், “நான் அன்னிக்கே படிச்சேன்மா. பாஸ்போர்ட் இல்லன்னா ஆதார்னு போட்டிருந்துச்சு. நீதான் சொல்ல விடல” என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. இது என் வீட்டில் எப்போதாவது நடக்கும் அதிசயம்.

வேறு வழியில்லாமல் கோப்பிலிருந்து ஆதார் அட்டைகளைத் தேடி எடுத்தேன். எங்கள் இரண்டு பேரின் அட்டையையும் அந்தப் பெண் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். முடியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கடைசியில் காதை வைத்துத்தான் எங்களைக் கண்டுபிடித்தாள். வீட்டுக்காரருக்கு இடது காது கொஞ்சம் மடங்கியிருக்கும், அது பாஸ்போர்ட்டில் தெளிவாக இருந்தது. மகனைச் சின்னப் பிள்ளை என்று விட்டுவிட்டாள். மகளுடைய பாஸ்போர்ட்டைத் திறந்தவள், “பொண்ணு எங்க மேடம்?” என்று கேட்டாள்.

பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு, மொட்டைத் தலையோடு, கம்மலைக்கூடப் பயணத்துக்காகக் கழற்றி வைத்துவிட்டு நின்ற என் மகளைக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை வரவில்லை. பாஸ்போர்ட்டில் இரட்டைச் சடை போட்ட, கன்னம் உப்பிய சிறுமி. எதிரில் இளைத்த ஒரு பையன். எழுந்து போய் ஒரு மேலதிகாரியை அழைத்து வந்தாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார், பிள்ளை விஷயம் என்பதால் உறுதியாகத் தெரிய வேண்டும் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஏறுவதற்கு நேரம் முடியப் போகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவளை மட்டும் விடவில்லையென்றால், அவரும் மகனும் போகட்டும், நான் இவளோடு பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிவிடுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் தணிந்த குரலில் சொன்னேன். மகள் அதைக் கேட்டுவிட்டாள்.

அவளுடைய ஆதார் அட்டையை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அது ஒரு வயதில் எடுத்தது. ஐந்து வயது முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும் என்று பள்ளியிலிருந்து எத்தனையோ முறை சொன்னார்கள், நாளைக்கு நாளைக்கு என்று நான்தான் தள்ளிப்போட்டேன். கடைசியில் தயங்கித் தயங்கி நீட்டினேன். அதில் இருந்தது அவளுக்கு முதல் மொட்டை போட்ட வாரத்தில் எடுத்த படம். தலையில் சந்தனம், வாய் சதுரமாகத் திறந்து ஒரே அழுகை.

அதிகாரி படத்தைப் பார்த்தார், தலை நிமிர்ந்தார். சரியாக அதே நேரத்தில் என் மகள் அழ ஆரம்பித்தாள். திருத்தணியில் அடக்கி வைத்த அழுகை எல்லாம் சேர்த்து வந்தது. முடியும் போச்சு, கப்பலும் போச்சு என்று வாயைச் சதுரமாகத் திறந்து அழுதாள். தலையில் சந்தனம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அச்சு அசல் அதே படம். மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி அட்டையை மகளின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்று சொல்லி, தன் கையாலேயே அவளுக்குக் கப்பல் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மரியாதைக்காகத் தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

கப்பல் உண்மையாகவே அழகு. மகள் நீச்சல் குளத்தைப் படம் எடுத்தாள், முதல் வேலையே அதுதான். மேல்தளத்தில் காற்று பேயாக வீசியது. மற்றப் பெண்கள் முடியை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு திண்டாடினார்கள். எங்கள் நால்வருக்கும் அந்தத் தொல்லையே இல்லை. நாங்கள் வரிசையாக நின்றபோது ஒருவர் எங்களிடம் வந்து, மாலை பூஜை எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் மதியம் கடல் கொஞ்சம் கலங்கியது. கப்பல் லேசாக ஆடியது, அவ்வளவுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி, “முருகா, நல்லபடியா கரை சேர்ந்தா” என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வெளியே வரவில்லை. வீட்டுக்காரர் உள்ளங்கையால் என் வாயை அழுத்திப் பொத்திவிட்டார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் செய்த துணிச்சலான காரியம் அது.

அந்த நேரத்தில் மகள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். வடக்கு எது என்று அப்பாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். என்னைப் போலவே உரக்க, “முருகா, நாங்க நல்லபடியா கரைக்குப் போயிட்டா, எங்கம்மா ஒரு வருஷத்துக்குக் கத்த மாட்டாங்க. யார் பேசினாலும் முடிக்கிற வரைக்கும் கேப்பாங்க” என்றாள்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கச் சொல்லவும் எனக்கு வாய் இல்லை, இரண்டு வகையிலும். வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்து இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வாயிலிருந்து அவர் கையை எடுத்ததும், தப்பு என்னுடையதுதான், அன்றைக்கே நீ படித்ததைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். பிள்ளையிடம் அப்படிச் சொல்வது எனக்கு முதல் தடவை. அவள் என் மொட்டையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சொரசொரன்னு இருக்குதும்மா என்றாள். அதற்குள் கடலும் அடங்கிவிட்டது.

கப்பல் நல்லபடியாகக் கரை சேர்ந்தது. எட்டு மாதம் ஆகிறது. அவளுக்குக் கழுத்து வரை முடி வந்துவிட்டது. வீட்டுக்காரருக்கும் வளர்ந்துவிட்டது, ஆனால் முன்னைப் போலச் சுருளாக வராமல் குச்சி குச்சியாக நிற்கிறது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. மகள் வேண்டிக்கொண்ட ஒரு வருஷம் முடிய இன்னும் நாலு மாதம் பாக்கி. எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் வந்து, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா, தெருவே அமைதியாக இருக்கிறதே என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

போன வாரம் வீட்டுக்காரர் வந்து, முதலாளி இந்த வருஷமும் கப்பலுக்குச் சொல்கிறார், இந்த முறை இலங்கை வரை போகிற கப்பல் என்றார். போனில் வந்த விவரத்தை நீட்டினார். பாஸ்போர்ட் வேண்டாம், எனக்குத் தெரியாதா, ஆதார் போதும் என்று சொல்ல என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்துக்கொண்டே தன் தலையை மெதுவாகத் தடவிக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் போனை வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். கப்பலின் நீளம், எத்தனை மாடி, எந்த வேளை என்ன சாப்பாடு, நாய் பூனை கூடாது, எதையும் விடவில்லை. மூன்றாம் பக்கத்தில் இருந்தது: வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல், கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். வீட்டுக்காரர் எழுந்து அலமாரியைப் பார்த்தார், நாலும் பத்திரமாக இருந்தன. நான் குச்சு கட்டிக்கொண்டே கடைசி வரி வரை கேட்டேன். படித்து முடித்து, போனை மேசையில் வைத்துவிட்டு, “இப்ப நீ பேசலாம்மா” என்றாள்.